மறு: மறு: ரெட்ஷர்ட்டுக்குத் தமிழ்ல என்ன? ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்

மீனா:
எல்லாருக்கும் வணக்கம். டெக்சஸ்ல வாரக்கடைசி தமிழ்ப் பள்ளியில பாடம் எடுக்கறேன். ஆண்டு மலருக்கு ஒரு பையன் காலேஜ் ஃபுட்பால் பத்தி கட்டுரை எழுதிருக்கான், அமெரிக்க ஃபுட்பால்தான், அதுல மேத்யூ ஸ்லூக்கா கதை. 2024 செப்டம்பர்ல லாஸ் வேகாஸ் நெவாடா யுனிவர்சிட்டி டீம் 3 மேட்ச் ஆடி மூணும் ஜெயிச்சு நிக்குது, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தற குவார்ட்டர்பேக் இவர், திடீர்னு இந்த சீசன்ல இனி ஆடல, ரெட்ஷர்ட் எடுத்துக்கறேன், அதாவது இந்த வருஷம் என் கணக்குல சேராம இருக்கட்டும்னு எக்ஸ் தளத்துல போட்டுட்டுக் கெளம்பிட்டார். 1 லட்சம் டாலர் தர்றதா வாய்வார்த்தையா சொன்னாங்க, வரலன்னு ஏஜென்ட் சொல்றார், இப்படிக் கேக்கறதே விதிமீறல்னு யுனிவர்சிட்டி சொல்லுது. ரெட்ஷர்ட்டுக்கு ஒரு சொல், அந்தப் பணத்துக்கு ஒரு சொல், ரெண்டும் வேணும். ஞாயித்துக்கிழமை அச்சுக்குப் போகுது.

கதிர்:
செஞ்சட்டைன்னு போட்டு முடிங்க டீச்சர். 1937ல நெப்ராஸ்கா யுனிவர்சிட்டில வாரன் ஆல்ஃப்சன்னு ஒருத்தர், இந்த வருஷம் பயிற்சிக்கு மட்டும் வர்றேன் மேட்ச் வேணாம்னு கேட்டு வாங்கி, நம்பர் இல்லாத செவப்புச் சட்டையில பயிற்சி பண்ணார்னுதான் பேர் வந்த கதை சொல்வாங்க. 2024ல இருந்த விதிப்படி 5 வருஷத்துக்குள்ள 4 சீசன் ஆடலாம், மிச்சம் ஒரு வருஷம் உக்காந்தாலும் கணக்குல போகாது, அவ்ளோதான் விஷயம்.

ராஜி:
செஞ்சட்டைன்னா மே தின ஊர்வலம்தான் கண்ணுல வரும். மலரைப் படிக்கற தாத்தா பாட்டி, பேரன் பேசற காலேஜ்ல எல்லாரும் கட்சியில சேந்துட்டாங்கன்னு நெனப்பாங்க.

புலவர் ஐயா:
அன்பர்களே, வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார். "ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து." தகர் ஆட்டுக்கடா. அது பின்னே நகர்வது பாய்வதற்கே. ஆகவே ஒடுக்கப் பருவம் என்க. ஒடுங்கு, ஒடுக்கு, ஒடுக்கம். இடை ஒடுங்கிய பறைக்கு உடுக்கு என்று பெயர் வந்ததும் இவ்வழியே என்பது என் துணிபு. உடுக்கை, உடுக்கு இரண்டையும் ஒப்பிட்டு விரிவாக நாளை எழுதுகிறேன்.

ராஜி:
ஐயா, இன்னிக்கு ஒடுக்கம்னா ஒடுக்குமுறைதான். குறளுக்கு அப்புறம் அந்தச் சொல் எங்கயோ போயிடுச்சு. உடுக்கையை நாளைக்கும் வேணாம்யா, தயவுசெஞ்சு.

பாஸ்கர்:
எல்லாத்தையும் ஒரே மூட்டையில கட்டறீங்க. பழைய ரெட்ஷர்ட் பெரும்பாலும் கோச் முடிவு, புதுப் பையன் தேறட்டும்னு உக்கார வெக்கறது. 2018ல விதியை மாத்துனாங்க, 4 மேட்ச் வரைக்கும் ஆடிட்டும் அந்த வருஷத்தைக் காப்பாத்திக்கலாம்னு. அப்பதான் அது ஆட்டக்காரன் கைக்கும் வந்துச்சு. ஸ்லூக்கா 3 மேட்ச்லயே போனது சும்மா இல்ல, 5 ஆயிருந்தா வருஷம் போச்சு. 2020ல கோவிட் சமயத்துல ஜமார் சேஸ், பெனே சூவல், மைக்கா பார்சன்ஸ் எல்லாம் சீசனையே வேணாம்னாங்களே, அது வேற கதை, அவங்க காலேஜுக்குத் திரும்பவே இல்ல, தொழில்முறை டீமுங்க காலேஜ் ஆளுங்களை வரிசையா எடுக்கற 2021 டிராஃப்ட்ல 5, 7, 12ஆவதா எடுத்தாங்க, சீசனை விட்டதால பெரிய நஷ்டம் ஒண்ணும் தெரியல. ஆடுனா என்ன ஆவும்னு கேட்டா ஜெய்லன் ஸ்மித்தைப் பாருங்க, 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா போல்ங்கற சீசன் கடைசி மேட்ச்ல முட்டி போயி டிராஃப்ட்ல ரெண்டாவது சுத்துக்கு எறங்கிட்டார். அதே வருஷக் கடைசியில மெக்கேஃப்ரி, ஃபோர்னெட்னு ரெண்டு ஆட்டக்காரங்க போல் மேட்சுக்கே வரலன்னுட்டாங்க. அதனால கோச் உக்கார வெச்சா நிறுத்திவைப்பு, ஆட்டக்காரனே நகர்ந்தா ஒதுங்கல், திரும்ப வரமாட்டேன்னா விலகல். மூணு சொல்.

கதிர்:
பன்னண்டு வயசுப் பையன் கட்டுரைக்கு மூணு சொல்லா? ஆடாப் பருவம், முடிஞ்சுது.

புலவர் ஐயா:
ஆடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வலி மிகும், ஆகவே இலக்கணம் சரி. கவிதைதான் இல்லை. போகட்டும். பணத்துக்குச் சம்பளம் எனலாம். சம்பு என்னும் நெல், அளம் என்னும் உப்பு, கூலியாக இவ்விரண்டும்...

ராஜி:
லாஸ் வேகாஸ்ல நெல்லும் உப்புமா ஐயா கேட்டாரு!

பாஸ்கர்:
சம்பளம், ஊதியம் ரெண்டும் இங்க கூடாது. அப்படி எழுதுனா அவங்க தொழிலாளிங்கன்னு தீர்ப்பே சொன்ன மாதிரி, ரொம்ப வருஷமா வழக்கு நடக்கறதே அதுமேலதான். 1955ல கொலராடோவுல ஒருத்தர் ஆட்டத்துல அடிபட்டு செத்தார், மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டாங்க, 1957ல மாநில உச்ச நீதிமன்றம் கெடையாதுன்னுடுச்சு. அந்தக் காலத்துலதான் காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ அமைப்போட நிர்வாகி வால்டர் பையர்ஸ் ஆளுங்க 'மாணவ விளையாட்டு வீரர்'னு ஒரு சொல்லை உண்டாக்கி, எல்லாரும் அப்படித்தான் சொல்லணும்னு வெச்சாங்க, தொழிலாளின்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு. நம்ம குழுவை விடக் கெட்டிக்காரக் கலைச்சொல் குழு. 2021 ஜூலை 1லேர்ந்து பேரு, படம், சாயல் இதுங்களை வெச்சு வெளியாள் கிட்ட காசு வாங்கலாம்னு வந்துச்சு. ஸ்லூக்கா விவகாரம் அந்தக் கணக்குல வர்றது. காலேஜே நேரா பங்கு தர்றது 2025 ஜூலைக்கு அப்புறம்தான், ஆட்டக்காரங்க என்சிஏஏ மேல போட்ட ஹவுஸ் வழக்கு சமரசத்துல, முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். ரெண்டுக்கும் ஒரே சொல் போட்டா தப்பு.

ராஜி:
அப்ப 2024 பணத்துக்கு உருவுரிமைப் பணம், 2025க்கு வருவாய்ப் பங்கு. இது புரியுது எனக்கே.

கதிர்:
சாயல்காசுன்னு வெச்சா இன்னும் சின்னதா இருக்கும். ஆனா யாரும் கேக்கப்போறதில்ல.

மீனா:
போதும், நாளைக்கு அனுப்பணும். உருவுரிமைப் பணம் எடுத்துக்கறேன். ரெட்ஷர்ட்டுக்கு ஆடாப் பருவம், இலக்கணம் சரின்னு ஐயாவும் சொன்னதால அதுவே. பையன் கிட்ட சொன்னேன், தலைப்புல மட்டும் ரெட்ஷர்ட்னு இருக்கட்டும் டீச்சர்ங்கறான், சரின்னுட்டேன். ஐயா கோச்சுக்காதீங்க.

புலவர் ஐயா:
கோபமில்லை அம்மா. உடுக்கைக் கட்டுரையைத் தனி இழையில் இடுகிறேன்.

பாஸ்கர்:
மொத பத்தியில 3 மேட்ச் ஆடி ஜெயிச்சார்னு எழுதிட்டு அடுத்த பத்தியில அவருக்கு ஆடாப் பருவம்னு வந்தா படிக்கறவங்க என்னன்னு நெனப்பாங்க? ஒதுங்கல்னு மாத்த இன்னும் ஒரு ராத்திரி இருக்கு டீச்சர்.