மறு: இரு லீக் சாம்பியன்கள் மோதும் ஆண்டு ஆட்டத்துக்கு என்ன பெயர் வைக்கலாம்?

அன்பின் குழுவினருக்கு வணக்கம். நம் கலைச்சொல் பட்டியலுக்காக, அமெரிக்கக் கால்பந்தின் 'கம்பியோனெஸ் கோப்பை'க்கும் அதுபோன்ற ஆட்டங்களுக்கும் தமிழ்ப்பெயர் தேடும் இழைக்கு என் பதில் இது.

> கம்பியோனெஸ் என்றால் ஸ்பானியத்தில் சாம்பியன்கள். 'வாகையர் கோப்பை' என்று போட்டுவிட்டுப் போகலாமே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

போகலாம்தான், அந்தப் பெயர் காலியாக இருந்திருந்தால். வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கால்பந்தை ஆளும் கான்ககாஃப் கூட்டமைப்பு நடத்தும் பெரிய தொடருக்கும் 2024 முதல் 'சாம்பியன்ஸ் கோப்பை' என்றுதான் பெயர். அதற்கு முன் அது சாம்பியன்ஸ் லீக். அங்கே ஒன்று ஆங்கிலம், மற்றது ஸ்பானியம் என்பதால் காதில் விழுந்ததுமே வேறுபாடு தெரிந்துவிடும். தமிழுக்கு வந்தால் இரண்டும் வாகையர் கோப்பைதான். ஒரே செய்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

ஆகவே முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம், அகராதியைப் பிறகு புரட்டலாம். கம்பியோனெஸ் கோப்பை 2018இல் தொடங்கியது. ஒரு பக்கம் அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் எம்எல்எஸ் லீக்கின் கோப்பையை வென்ற அணி, மறுபக்கம் மெக்சிகோவின் லீகா எம்எக்ஸ் அணி. ஒரே ஆட்டம். தொண்ணூறு நிமிடத்தில் சமநிலை என்றால் கூடுதல் நேரம் கிடையாது, நேரே பெனால்டிக்குப் போய்விடுவார்கள். 2023இல் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சியும் திக்ரெஸும் கோலே போடாமல் முடித்து, திக்ரெஸ் 4-2 என்று பெனால்டியில் வென்றது அப்படித்தான். மறு ஆண்டு கொலம்பஸ் குரூவுக்கும் அதே கதி: 1-1, பிறகு மெக்சிகோவின் கிளப் அமெரிக்காவிடம் பெனால்டியில் 4-5. ஆட்டம் நடப்பது எப்போதும் எம்எல்எஸ் அணியின் ஊரில். மெக்சிகோ அணிகளுக்கு நிரந்தர விருந்தாளி வேடம்! 2022இல் அட்லஸ் அணியை யாங்கி ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்துக்கு வரவழைத்து, நியூயார்க் சிட்டி 2-0 என்று அனுப்பிவைத்தது.

மெக்சிகோ தரப்பில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அங்கே ஆண்டுக்கு இரண்டு பட்டங்கள், அப்பெர்த்தூரா ஒன்று, கிளௌசூரா ஒன்று. ஆளுக்கொன்றை வென்ற இரு அணிகளும் தங்களுக்குள் மோதும், அதில் வெல்லும் 'கம்பியோன் தெ கம்பியோனெஸ்' (சாம்பியன்களின் சாம்பியன்) அணிதான் எல்லை தாண்டிப் போகும். 2023-24 பருவத்தில் கிளப் அமெரிக்கா இரண்டையும் தானே வென்றுவிட்டதால், பட்டம் மோதலின்றியே வந்துசேர்ந்தது. எனவே இந்த மெக்சிகோப் பட்டத்துக்கு 'ஆட்டம்' என்று முடியும் சொல் ஒத்துவராது, பட்டப்பெயர்தான் வேண்டும். 'வாகையருள் வாகையர்' என்ற அக்காவின் பரிந்துரைக்கு என் முழு ஆதரவு.

> அண்டை நாடுகள் என்பதே இதன் அடையாளம். 'இருநாட்டு வாகையர் கோப்பை' என்பதே பொருத்தம்.

ஐயா, இங்கேதான் நான் உங்களோடு முரண்படுகிறேன். முதல் ஆட்டமே டொராண்டோவில்தான் நடந்தது! டொராண்டோ எஃப்சி 2017இன் எம்எல்எஸ் வாகையர். சொந்த மண்ணில் திக்ரெஸிடம் 1-3 என்று தோற்றது. எம்எல்எஸ்ஸில் டொராண்டோ, வான்கூவர், மான்ட்ரியல் என மூன்று கனடிய அணிகள் இருக்கின்றன. அப்புறம் எந்த இரு நாடு? அன்று ஆடியது கனடாவும் மெக்சிகோவும், இரண்டுக்கும் பொது எல்லைகூட இல்லை.

இது அமெரிக்கக் கண்டத்துக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 நவம்பரில் அயர்லாந்துக் குடியரசின் வாகையரான டன்டாக்கும் வட அயர்லாந்து வாகையரான லின்ஃபீல்டும் இரண்டு ஆட்டங்களாக மோதின. பெல்ஃபாஸ்டில் 1-1, டன்டாக்கில் 6-0. ஆனால் வட அயர்லாந்தில் இருக்கும் டெர்ரி சிட்டி 1985 முதல் ஆடுவது தெற்கே, குடியரசின் லீக்கில். 1997இல் அந்த லீக்கை வென்றும் இருக்கிறது. நாளை டெர்ரி வென்று லின்ஃபீல்டோடு மோதினால் இரண்டுமே வடக்கத்தி அணிகள். 'இருநாட்டு' என்ற அடைமொழி அப்போது முழுப் பொய்யாகிவிடும்.

நூறாண்டு பின்னே போனாலும் இதே கதைதான். அர்ஜென்டினா, உருகுவே வாகையர்கள் மோதிய அல்டாவ் கோப்பையை 1916இல் மோன்டேவீடியோவின் நசியோனால் வென்றது. அன்றைய அர்ஜென்டினத் தலைப்பிரிவு என்பது பெரும்பாலும் புவனோஸ் அயர்ஸ் வட்டாரக் கிளப்புகள். இரு நாடுகளுக்கும் இடையே ஓடும் லா பிளாட்டா ஆற்றின் இருகரை லீக்குகள் மோதின என்பதே சரியான சித்திரம். இந்த மோதல்களில் எல்லாம் மாறாமல் நிற்பது லீக், நாடு அல்ல.

> வாகை வென்ற பின் சூடுவது. இரு வேந்தர் வலிமை ஒன்றையே பொருளாகக் கொண்டு பொருவது தும்பை. 'தும்பைக் கோப்பை' என்றால் என்ன?

படித்ததும் எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. பொருத்தம் அவ்வளவு. இதை வென்றால் லீக் புள்ளி ஏறாது. யார் பெரியவன் என்பது மட்டும்தான் பணயம். ஆனால் விளையாட்டுப் பக்கம் எழுதும் பையன் ராத்திரி பதினொரு மணிக்குத் தலைப்புப் போடும்போது தும்பைத் திணையை நினைப்பானா? வாசகருக்குத் தும்பை என்றதும் வருவது வெள்ளைப் பூ. இல்லையென்றால் தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. கட்டுரைக்குள் வருணனையாக வரட்டும், கலைச்சொல்லாக வேண்டாம். 'சூப்பர் கோப்பை'யும் வேண்டாம், அது பெரும்பாலும் ஒரே நாட்டுக்குள் லீக் வாகையரும் கோப்பை வாகையரும் மோதுவதற்கு வழங்கும் பெயர்.

என் பரிந்துரை: வகைப்பெயராக 'இருலீக் வாகையர் கோப்பை'. குறிப்பிட்ட அமெரிக்கக் கோப்பைக்குச் சிறப்புப்பெயர் 'கம்பியோனெஸ் கோப்பை' என்று ஒலிபெயர்ப்பாகவே இருக்கட்டும். சிறப்புப்பெயரை மொழிபெயர்க்கப் போய்த்தான் கான்ககாஃப் தொடரோடு முட்டிக்கொண்டோம்.

---

வணக்கம். இரண்டு கேள்வி. ஒன்று, எம்எல்எஸ், லீகா எம்எக்ஸ் அணிகளுக்கு 'லீக்ஸ் கோப்பை' என்று இன்னொரு தொடரும் இருக்கிறதே, 'இருலீக்' என்றால் அதுவென்று நினைத்துவிட மாட்டார்களா? இரண்டு, 'லீக்' என்பதை அப்படியே விடுவதா? கூட்டிணைவு என்று பலர் எழுதி வருகிறார்கள். எங்கள் பக்கம் உதைபந்தாட்டம், கிண்ணம் என்றுதான் சொல்வோம் என்பதையும் கவனத்தில் எடுங்கோ.

---

லீக்ஸ் கோப்பை 2019இல் எட்டே அணிகளோடு தொடங்கி, 2023இல் இரு லீக்குகளின் எல்லா அணிகளும் ஆடும் அளவுக்கு விரிந்தது. அங்கே வாகையராக இருக்க வேண்டிய தேவையில்லை. நம் சொல்லில் 'வாகையர்' இருக்கும்வரை குழப்பம் வராது. அதனால்தான் சுருக்கி 'இருலீக் கோப்பை' என்று யாரும் எழுதிவிடக் கூடாது என்பதைக் குறிப்பில் சேர்க்கச் சொல்கிறேன்.

கூட்டிணைவு எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் 'இருகூட்டிணைவு வாகையர் கோப்பை' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூச்சு முட்டுகிறது. கட்டுரை உடலில் கூட்டிணைவு, இந்தச் சொற்றொடரில் லீக் என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பை, கிண்ணம் இரண்டையும் இணைச்சொற்களாகத் தனித்தனிப் பதிவில் இடுவோம், ஒன்றிலிருந்து மற்றதற்கு வழிகாட்டிக் கொடுத்தால் போதும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.