அக்னிவீர் ரேலி: சிங்கிள் பாரில் 5-க்கு மேல் ஏறவில்லை, எப்படிப் பழகுவது?

பாலாறு_பையன்:
அண்ணா, எல்லாருக்கும் வணக்கம். ராணுவத்துல அக்னிவீர் ஜெனரல் டியூட்டி எழுத்துத் தேர்வு முடிஞ்சுது, அடுத்து ரேலி, அதாவது உடல்தகுதித் தேர்வு. 1.6 கி.மீ. ஓட்டம் 5.40-க்குள்ள (5 நிமிஷம் 40 செகண்டு) வந்துடுது. பீம்லதான், அதாவது சிங்கிள் பார்ல தொங்கி எடுக்குற புல்-அப்லதான், 5 தாண்டல. தினமும் கை விட்டுப்போற வரைக்கும் அடிக்கிறேன், எண்ணிக்கை ஏறவே மாட்டேங்குது. ஜிம் கிடையாது, ஸ்கூல் கிரவுண்டு சிங்கிள் பார் மட்டும்தான். ரெண்டு மாசம் இருக்கு. ஓட்டத்தைக் குறைச்சுட்டு பீமைப் பார்க்கலாமா?

பார்_பிடி:
தம்பி, முதல்ல மார்க் கணக்கைப் பாருங்க. ஓட்டம் 5.30-க்குள்ள முடிச்சா 60, 5.45-க்குள்ள 48. பீம்ல 10 எடுத்தா 40, 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. உங்க 5.40-ஓட 10 புல்-அப் சேர்ந்தா 88. ஓட்டத்துல முழு 60 வாங்கியும் பீம்ல 6 மட்டும்னா 76தான். கடைசி ஒண்ணு மட்டுமே 7 மார்க். அதனால பீமுக்கு நேரம் ஒதுக்குறது சரி, ஆனா ஓட்டத்தை விட வேண்டாம்.

கை விட்டுப்போற வரைக்கும் தினமும் அடிக்கிறதுதான் உங்களுக்குத் தடை. முன்னங்கை ஆறாமலே அடுத்த நாள் ஏறுறீங்க. கடைசி ரெண்டு மூணு புல்-அப் காலை உதறித்தான் வருது, அந்த உதறலே பழக்கமாயிடும். ரேலியில உதறினா எண்ண மாட்டாங்க.

வாரத்துக்கு 4 நாள் போதும். 5 முடியுதுன்னா ஒரு செட்டுக்கு 3 மட்டும், 6 செட், நடுவுல 2 நிமிஷம் ஓய்வு. எல்லாமே சுத்தமா: கீழே கை முழுசா நீளணும், மேலே மோவாய் பாரைத் தாண்டணும். அடுத்த வாரம் ரெண்டு செட்டை மட்டும் 4 ஆக்குங்க, இப்படியே ஏத்திட்டுப் போங்க. வாரம் ஒரு நாள் இறக்கம் மட்டும் செய்யணும்: பெஞ்ச் மேல ஏறி மோவாயை மேலே வெச்சுக்கிட்டு, 5 எண்ணுற வரைக்கும் மெதுவா இறங்குங்க. 3 தடவை, 3 செட்.

எங்க தப்பு வரும்னா, இழுப்பைத் தொடங்குற இடத்துல. பலபேர் தொங்கின உடனே முழங்கையை மடக்குறாங்க, முழு பாரமும் புஜத்துக்குப் போய் நாலாவதுலயே செத்துடும். கையை மடக்காம தோள்பட்டையை மட்டும் கீழே இழுத்துப் பாருங்க, உடம்பு ரெண்டு இஞ்ச் தானா மேலே வரும். அதுக்கப்புறம் முழங்கையை விலாவைப் பார்த்து இறக்குங்க. வேலையை முதுகு எடுத்துக்கும். உள்ளங்கை வெளியே பார்க்கட்டும், கட்டைவிரல் பாரைச் சுத்திப் பிடிக்கட்டும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை மட்டும், முந்தின நாள் ஓய்வு எடுத்துட்டு, எத்தனை முடியுதுன்னு சோதிங்க.

நாலு_ரவுண்டு:
மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. ரேலியில ஓட்டம் முதல்ல, பீம் அப்புறம். புத்துணர்ச்சியோட வர்ற 10, மூச்சிரைப்போட 7 ஆயிடும். வாரத்துல ஒரு நாள் 1.6 கி.மீ. ஓடி, 10 நிமிஷம் நடந்துட்டுப் பார் ஏறிப் பாருங்க.

ஓட்டத்துக்கு 400 மீட்டர் ட்ராக்ல கணக்கு வெச்சுக்கோங்க. 5.30-னா ரவுண்டுக்கு 82 செகண்டு. கும்பலோட ஓடும்போது முதல் ரவுண்டை 70-ல முடிச்சுட்டு மூணாவதுல படுத்துடுறவங்கதான் அதிகம். வாரம் ஒரு தடவை 400 மீட்டர் 6 தடவை, ஒவ்வொண்ணும் 80 செகண்டு, நடுவுல 2 நிமிஷம் நடை. இன்னொரு நாள் 5 கி.மீ., பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல. தார் ரோட்டுல தினமும் ஓடாதீங்க. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமா வலி பரவலா இருந்தா ஓட்டத்தைக் குறைங்க. ஒரே இடத்துல விரல் வெச்சா சுரீர்னா எலும்புல விரிசலா இருக்கலாம், அப்போ ஓட்டம் நிறுத்தி டாக்டரைப் பார்க்கணும்.

9 அடி பள்ளத்தைத் தாண்டுறதுக்கும் ஜிக்-ஜாக் கட்டை மேல விழாம நடக்குறதுக்கும் மார்க் இல்ல, பாஸ் ஆனா போதும். ஆனா பாஸ் ஆகணும்.

பாலாறு_பையன்:
நன்றி அண்ணா. ஃப்ரெண்டு ஒருத்தன் ஒரே நாள்ல 100 இறக்கம், 300 தண்டால் அடிச்சா உடனே ஏறும்கிறான். செய்யலாமா?

களப்பயிற்சி:
கூடவே கூடாது. பழக்கமில்லாத உடம்புல இறக்கம்தான் தசையை அதிகமா கிழிக்கும். அளவு மீறினா தசை நார் உடைஞ்சு ரத்தத்துல கலந்து கிட்னியை அடைக்கும். ராணுவப் பயிற்சிக்குப் புதுசா வர்றவங்க கிட்ட டாக்டர்கள் கவனிக்கிற ஆபத்து இது, வெயில்ல இன்னும் மோசம். அடிச்ச மறுநாளோ மூணாம் நாளோ கை வீங்கி முழங்கை நீட்ட வராம, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்துல போனா, வலி மாத்திரை போட்டுக்கிட்டு வீட்டுல படுக்காதீங்க. நேரா அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், எவ்வளவு அடிச்சீங்கன்னு சொல்லி, சி.கே. ரத்தப் பரிசோதனை (தசை எவ்வளவு உடைஞ்சிருக்குன்னு காட்டுறது) கேளுங்க.

ரேலிக்கு முந்தின 3 நாள் பாரைத் தொடவே வேண்டாம். லேசான ஓட்டம், தூக்கம், தண்ணி, அவ்வளவுதான். உள்ளங்கையில தடிச்ச தோலை ஒரு வாரம் முன்னாடியே தேய்ச்சு மட்டமாக்கிடுங்க, அது பீம்ல உரிஞ்சா எட்டாவதுல கை தானா விட்டுடும்.