மேற்குப் பார்த்த வராண்டாவுக்கு எந்தத் தரை?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

கலா, காலை 9:12
எல்லாருக்கும் வணக்கம். மதுரை வீட்டு முன் வராண்டாவுக்குத் தரை மாத்தப் போறோம். அகலம் 12 அடி, உள்ளே 10 அடி. மேற்குப் பார்த்தது, மேலே சிலாப் இருக்கு, முன்பக்கம் கிரில் மட்டும்தான். ஆத்தங்குடி கல், அதான் செட்டிநாட்டு வீடுகள்ல இருக்கிற பூ டிசைன் கல், போடலாம்னு ஆசை. மரம் மாதிரி இருக்கிற விட்ரிஃபைடு டைல்ஸும் பார்த்தேன். எது நல்லது?

வசந்தி மதினி, 9:20
ஆத்தங்குடியே போடு கலா. மரம் மாதிரி டைல்ஸ் ஏசி ரூமுக்குச் சரி. மேற்கு வெயில்ல சாயங்காலம் கால் வைக்க முடியாது.

செந்தில் அண்ணன், 9:24
ரெட் ஆக்சைடு, அந்தக் காலத்துச் சிவப்புச் சிமெண்ட் தரை?

முருகேசன் சித்தப்பா, 9:31
ரெட் ஆக்சைடுக்குக் கை தேர்ந்த கொத்தனார் வேணும்பா. முழுத் தரையையும் ஒரே நாள்ல இழைச்சு முடிக்கணும். பாதியில நிறுத்தினா அந்தக் கோடு கடைசி வரைக்கும் தெரியும். ஆளைக் கையில வச்சுக்கிட்டு யோசிக்க வேண்டிய வேலை அது.

முருகேசன் சித்தப்பா, 9:33
கலா, மழை அடிச்சா சாரல் எது வரைக்கும் வருது?

கலா, 9:35
ஆவணி புரட்டாசியில காத்தோட அடிச்சா கிரில்லிருந்து ஒன்றரை, ரெண்டு அடி நனையும் சித்தப்பா.

முருகேசன் சித்தப்பா, 9:48
அப்போ 10 அடிக்கும் ஆத்தங்குடி போடாதே. அது சூளையில சுட்ட கல் இல்லம்மா. கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, அதுக்கு மேல மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணியில ஊற வச்சு எடுக்கிறது. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. கலர் மேலாக்க சில மில்லிமீட்டர்தான். தினம் நனைஞ்சு காய்ஞ்சா வெள்ளையா உப்புப் பூக்கும், வெயில் பட்டுப் பட்டு நிறமும் மங்கும்.

முருகேசன் சித்தப்பா, 9:50
கிரில் ஓரம் 2 அடிக்குச் சொரசொரப்பான கிரானைட் போடு. பாலிஷ் போட்டது வேண்டாம், ஈரத்துல வழுக்கும். மீதி 8 அடிக்கு ஆத்தங்குடி. கிரானைட்டுக்கு வெளியே பார்த்து 2 அடிக்கு அரை அங்குலம் வாட்டம் இருக்கணும். இல்லேன்னா சாரல் தண்ணி திரும்பிக் கல்லுக்குத்தான் வரும்.

கலா, 9:55
கல் எத்தனை வாங்கணும் சித்தப்பா? கடையில 10 அங்குலம்தான் காட்டினாங்க.

முருகேசன் சித்தப்பா, 10:07
10 அங்குலம் உன் அளவுக்கு ஒத்து வராது. 12 அடிக்கு 14 கல் போக 4 அங்குலம் மிச்சம் நிக்கும். பூ டிசைனை வெட்டிப் போட்டா கண்ணை உறுத்தும். 8 அங்குலம் கேளு. அகலத்துல 18, ஆழத்துல 12, மொத்தம் 216, ஒண்ணு கூட வெட்ட வேண்டாம். சுத்தி பார்டர் வச்சா மூலைக் கல் 4, பார்டர் 52, நடுவுல 160. உடைசலுக்குச் சேர்த்து 6, 58, 176னு எழுதிக் கொடு. மிச்சத்தை வீட்டுலயே வச்சுக்கோ. கையால பண்றது, அடுத்த தடவை வாங்கினா அதே நிறம் கிடைக்காது.

முருகேசன் சித்தப்பா, 10:08
முதல்ல சுவருக்குச் சுவர் மூணு இடத்துல அளந்து பாரு. அங்குலம் அரை அங்குலம் கூட வந்தா அதைச் சுவரோரம் ஒரே நிறக் கல்லை வெட்டிப் போட்டு முடிச்சிடலாம்.

செந்தில் அண்ணன், 10:15
நம்ம டைல்ஸ் ஆளே போட்டுருவாரா?

முருகேசன் சித்தப்பா, 10:26
டைல்ஸ் ஆளுங்க ரப்பர் சுத்தியால ஓங்கித் தட்டுவாங்க, இதுல மயிரிழை விரிசல் விடும். அப்போ தெரியாது, ஆறு மாசத்துல அழுக்கு ஏறிக் கறுப்புக் கோடா நிக்கும். கலவை சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் அஞ்சு. கல்லைத் தண்ணியில முக்கி, குமிழி நின்னப்புறம் எடுக்கணும். காய்ஞ்ச கல் கலவையில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிடும், பிடிக்காது. சிமெண்ட் பால் விட்டு, உள்ளங்கையால அமுக்கி, ரசமட்டம் பார்த்தாப் போதும்.
இடைவெளி விடாம ஒட்டி ஒட்டிப் போடணும். ஜாயிண்ட்டுக்கு ஒயிட் சிமெண்ட்ல கலர் கலந்து ஊத்தின கையோட துடைச்சு, மரத்தூள் போட்டுத் தேய்க்கச் சொல்லு. காய விட்டுட்டு அப்புறம் ஆசிட் ஊத்திக் கழுவலாம்னு யாராவது சொன்னா விடாதே. சிமெண்டை ஆசிட் தின்னுடும், பளபளப்பு அன்னைக்கே போச்சு. மெஷின் பாலிஷும் கூடாது.

கலா, 10:30
கலவைக்கு எங்க போர் தண்ணிதான் சித்தப்பா. கொஞ்சம் உப்பு.

முருகேசன் சித்தப்பா, 10:33
வேண்டாம்மா. அந்த உப்பும் மேல வந்து பூக்கும். கலவைக்கும் கல்லை நனைக்கவும் நல்ல தண்ணி லாரி ஒண்ணு சொல்லிடு.

ராஜம் பெரியம்மா, 10:41
தரை துடைக்கிற தண்ணியில வாரத்துக்கு ரெண்டு தரம் நாலஞ்சு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டுக்கோ கண்ணு. கூட விட்டா பிசுபிசுன்னு தூசி ஒட்டும். எலுமிச்சைச் சாறு, புளித்தண்ணி சிந்தினா அப்படியே விடாதே, உடனே துடை. கோலத்துக்குக் காவி இடுவேன்னா அந்தக் கிரானைட் மேல இடு. கல் மேல காவி இறங்கினா போகவே போகாது.

வசந்தி மதினி, 10:52
செடி எங்கே வைக்கப் போறே? தொட்டியை நேரா கல் மேல வைக்காதே. மண் தொட்டி அடியில உப்பு வட்டம் விழும், இரும்பு ஸ்டாண்டுன்னா துருக் கறை. ஸ்டாண்டு கால்ல ரப்பர் புஷ் மாட்டி, தொட்டிக்குக் கீழே தட்டு வை.
கிரானைட் ஓரத்துக்குக் காகிதப்பூ ரெண்டு, 14 அங்குலத் தொட்டி. செம்மண், மண்புழு உரம், கழுவின தேங்காய் நார்த்தூள் சமபங்கு. நார்த்தூளை ரெண்டு மூணு தண்ணியில அலசு, உப்பு இருக்கும். மேல் மண் ரெண்டு அங்குலம் காய்ஞ்சாத்தான் தண்ணி. தினம் ஊத்தினா இலையா தழைக்கும், பூ வராது. மாத்தி நடும்போது வேர் மண் உதிரக் கூடாது, உதிர்ந்தா இலை எல்லாம் கொட்டிடும். நிழல்ல இருக்கிற உள்பக்கத்துக்கு ஸ்நேக் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் போதும். தரையிலயே அவ்வளவு டிசைன் இருக்கு, செடியைக் குவிக்காதே. சுவருக்கும் சுண்ணாம்பு வெள்ளை மாதிரி ஒரே நிறம் அடி.

கலா, 11:02
சரி மதினி. சித்தப்பா, பழைய மொசைக் மேலயே போட்டுடலாமா? கொத்தி எடுத்தா தூசி தாங்காது.

முருகேசன் சித்தப்பா, 11:06
கதவுக்குக் கீழே எவ்வளவு இடம் இருக்கு?

கலா, 11:13
வாசப்படி மேல் விளிம்பு வரைக்கும் ஒன்றே கால் அங்குலம்.

முருகேசன் சித்தப்பா, 11:17
கல் முக்கால் அங்குலம், கலவை ஒன்றே கால். ரெண்டு அங்குலம் ஏறும், வாசப்படிக்கு மேல போயிடும், மழைத் தண்ணி வீட்டுக்குள்ள வரும். கொத்தித்தான் ஆகணும். ஒன்றரை அங்குலம் எடுத்தாப் போதும். புதுத் தரை வாசப்படிக்கு முக்கால் அங்குலம் கீழேயே நிக்கும். கதவுக்கு ஈரக் கோணிச் சாக்கு கட்டி, தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் கொத்தச் சொல்லு. கொத்தின அன்னைக்கே ஒரு போட்டோ அனுப்பு, அடித்தளம் சத்தா இருக்கான்னு பார்த்துட்டுக் கல்லுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.