மாதா பாட்டும் சூஃபி பாட்டும் ஒரே மேடையில்: எப்படிச் சேர்ப்பது?

களியக்காவிளைப் பாடகர்:
எங்கள் தேவாலயப் பங்கில் பாடகர் குழுவை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் அல் கிந்தி என்ற அரபு இசைக் குழுவின் பதிவு ஒன்றைக் கேட்டேன். டமாஸ்கஸின் சூஃபி பாடகர் ஷேக் ஹம்சா ஷக்கூரின் குழு ஒரு பக்கம், ஏதென்ஸின் ட்ரோபோஸ் என்ற, பைசாந்தியப் பாட்டு (பழைய கிரேக்கத் திருச்சபைப் பாட்டு) பாடும் குழு இன்னொரு பக்கம், இரண்டு தரப்பும் பாடுவது மரியாளைத்தான். மாதா திருவிழாவுக்குத் சூஃபி பாட்டுப் பாடும் தக்கலை நண்பர்களையும் சேர்த்து இப்படி ஒன்று செய்ய ஆசை. இரண்டு பேர் வரிகளையும் ஒரே பாட்டில் கலக்கலாமா? அப்புறம், கீபோர்டில் வாசித்துப் பார்த்தால் சில சுரங்கள் இரண்டு கட்டைக்கு நடுவில் போய் விழுகின்றன.

சுருதிப்பெட்டி:
அந்த நடுச்சுரத்தில்தான் அந்த இசையின் உயிரே இருக்கிறது அண்ணே. அரபு மகாம்களில், அதாவது அவர்களுடைய ராகங்களில், கால் சுரம் உண்டு, பன்னிரண்டு கட்டையில் அதற்கு ஏது இடம்? கானூன் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தில் தந்திகளின் ஓரத்தில் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் இருக்கும், வாசிக்கும்போதே விரலால் தூக்கிச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், இறக்குவார்கள். 1983-ல் அல் கிந்தி குழுவைத் தொடங்கிய ஜூலியன் வைஸ் கானூன் கலைஞர்தான். பைசாந்தியப் பாட்டில் வாத்தியமே கிடையாது, சிலர் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். நம் தம்புரா செய்கிற வேலையை வாயால் செய்கிறார்கள், அவ்வளவுதான். கீபோர்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

தக்கலைக்காரன்:
வரியைக் கலக்க வேண்டாம் அண்ணே. குர்ஆனின் 19-வது அத்தியாயத்துக்கே மர்யம் என்றுதான் பெயர், ஆனால் அதில் அவர் பேரீச்சை மரத்தடியில் பிள்ளை பெறுகிறார், சிலுவையடியில் நிற்கும் தாய் அங்கே இல்லை. இரண்டையும் ஒரே பாட்டில் போட்டால் இரண்டு வீட்டிலும் சண்டை வரும். நீங்கள் ஒன்று பாடுங்கள், நாங்கள் ஒன்று பாடுகிறோம், நாங்கள் விட்ட சுரத்திலேயே நீங்கள் எடுங்கள். ரஜப் மாதம் 14-ம் இரவு எங்கள் ஊர் பீர் முகமது அப்பா தர்காவில் அவர் பாடிய ஞானப்புகழ்ச்சியை விடிய விடியப் பாடுவோம், எல்லாம் தமிழ்தான், ஒருமுறை வந்து உட்கார்ந்து கேளுங்கள். அதிலிருந்து மேடையில் பாடலாமா என்பதை மட்டும் எங்கள் பெரியவர்களிடம் கேட்டுத்தான் சொல்ல முடியும்.

குழித்துறை அக்கா:
சுருதியை முன்கூட்டியே பேசிவிடுங்கள் தம்பி. எங்கள் ஊரில் ஒருமுறை ஆண்கள் ஒன்றரைக் கட்டையில் எடுத்துவிட்டார்கள், பெண்களுக்குக் கீழேயும் எட்டவில்லை, மேலேயும் எட்டவில்லை, கடைசிவரை கைதட்டிக்கொண்டு நின்றோம்!

களியக்காவிளைப் பாடகர்:
சரி அக்கா. கீபோர்டு வாசிக்கிற பையனிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது பிரச்சினை.