திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி சின்ன ரயிலின் தடயங்களை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: திருப்பத்தூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பத்தூருக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். எங்கள் ஊருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே 1905-ஆம் ஆண்டு ஒரு குறுகிய ரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலமே கொண்ட அந்தப் பாதை, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளம் ஓடி, 1940-களின் தொடக்கத்திற்குள் முற்றிலும் மறைந்துபோயிற்று. என் பாட்டி அதனைச் 'சின்ன ரயில்' என்றே சொல்வார்கள். அவர்களுடைய தகப்பனார் அந்த ரயிலில் புளி மூட்டைகளை ஏற்றி அனுப்பிய கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

இப்போது என் மாணவர்களுடன் சேர்ந்து அந்தப் பாதையின் மிச்சங்களைத் தேடிப் பதிவுசெய்ய விரும்புகிறேன். என் கண்ணில் பட்டவை இரண்டு. எங்கள் பள்ளியில் வேப்பமரக் கிளையில் தொங்கும் மணி, உண்மையில் ஒரு தண்டவாளத் துண்டு; அதனை எப்போது, யார் கட்டினார்கள் என்பது பள்ளியில் ஒருவருக்கும் நினைவில்லை. மற்றொன்று, ஊருக்கு மேற்கே ஒரு வேர்க்கடலைக் கொல்லையின் ஓரமாகச் செல்லும் இடுப்பளவு உயரமுள்ள மண்மேடு. அதன் நடுவே ஓர் ஓடை கடக்கும் இடத்தில் கருங்கல்லால் கட்டிய சுவர்கள் எதிரெதிரே நிற்கின்றன, மேல்தளம் இல்லை.

இவை அந்த ரயில் பாதையைச் சேர்ந்தவைதாமா என்பதை எப்படி உறுதிசெய்வது? வடஆற்காடு மாவட்டம் பற்றிய பழைய நூல்களில் தேடியும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: காட்பாடி, ஓய்வுபெற்ற பாதைப் பராமரிப்பு ஊழியர்

அம்மா, வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தண்டவாளத்தின் மேலேயே நடந்து பிழைத்தவன் என்பதால், உங்கள் கேள்வியைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் மணியை எடுத்துக்கொள்வோம். தண்டவாளம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை ஓர் அளவுகோலைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம். அடித்தட்டிலிருந்து தலை வரை உயரத்தையும், அடித்தட்டின் அகலத்தையும் அளந்து பாருங்கள். அகலப் பாதையில் (தண்டவாளங்களுக்கு இடையே ஐந்தரை அடி) நெடுங்காலம் பயன்பட்ட 90 பவுண்டு தண்டவாளம் ஏறத்தாழ 143 மில்லிமீட்டர் உயரமும் 136 மில்லிமீட்டர் அடியகலமும் உடையது. மீட்டர்கேஜில் (ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட பாதையில்) பெரிதும் காணப்பட்ட 60 பவுண்டு தண்டவாளத்தின் உயரம் 114, அடியகலம் ஏறத்தாழ 110. 50 பவுண்டு தண்டவாளமாக இருந்தால் உயரம் 105-ஐ ஒட்டி வரும். இந்தப் பவுண்டு கணக்கு ஒரு கெஜ நீளத் தண்டவாளத்தின் எடையைக் குறிப்பது. உங்கள் மணி 100 மில்லிமீட்டருக்கும் குறைவான உயரம் கொண்டதாக இருந்தால், சின்ன ரயிலைப் பற்றி நினைக்க இடமுண்டு. தண்டவாளத்தின் நடுப்பகுதியில், அதாவது தலைக்கும் அடித்தட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய சுவரில், தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் எடை வகையும் புடைப்பெழுத்தாக இருக்கும். சுண்ணாம்பும் பெயிண்டும் பூசி மறைந்திருந்தால், ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மெல்லிய தாளை அதன்மேல் வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பாருங்கள். எழுத்து தாளில் ஏறிவிடும். தயவுசெய்து உப்புத்தாள் கொண்டு தேய்க்காதீர்கள்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்டவாளம் ஏலத்தில் போகும் பொருள். கழித்துப் போட்ட தண்டவாளங்கள் கிணற்றுக்குக் குறுக்கு உத்திரமாகவும், மாட்டுக் கொட்டகைக்குத் தூணாகவும், பள்ளிக்கு மணியாகவும் எங்கெங்கோ சென்று சேர்ந்திருக்கின்றன. ஆகவே மணியை மட்டும் நம்பிப் பாதையை வரையக் கூடாது. பாதைக்கு உண்மையான சாட்சி நீங்கள் கண்ட அந்த மண்மேடுதான்.

நம் பகுதியில் மண்மேட்டைக் கண்டவுடன் ஏரிக்கரையா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஏரிக்கரை தண்ணீரைத் தேக்குவதற்காக வளைந்து செல்லும். எங்காவது மதகும் உபரிநீர் வழியும் கலங்கலும் இருக்கும். ரயில் கரைக்கு அந்த வளைவு தேவையில்லை. தரை தாழும் இடத்தில் அது மேடாக எழும். தரை உயரும் இடத்தில் அதே கோடு பள்ளமாக வெட்டிக்கொண்டு உள்ளே போகும். மேடும் வெட்டும் ஒரே கோட்டில் மாறி மாறி வந்து, திரும்பும் இடத்தில் சட்டென்று திரும்பாமல் நீண்ட வளைவாகத் திரும்பினால், அது ரயில் பாதையாக இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி. கரையின் இருபுறமும் ஆழமற்ற நீள்சதுரக் குட்டைகள் வரிசையாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கரைக்கு மண் எடுத்த குழிகள் அவை. மேற்பரப்பின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒற்றை அகலப் பாதைக்கு ஏறத்தாழ 6 மீட்டர், மீட்டர்கேஜுக்கு 5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, இரண்டரை அடிப் பாதைக்கு 3.7 மீட்டர் என்பது பழைய நடைமுறை. மழையும் ஏரும் கரைத்துவிட்ட மேட்டில் இந்த அளவு அப்படியே நிற்காது. இருந்தாலும் நான்கைந்து இடங்களில் அளந்தால் ஒரு முடிவுக்கு வரலாம்.

அந்தக் கருங்கல் சுவர்கள்தாம் எனக்கு மிகுந்த ஆவலைத் தருகின்றன. சுவரின் உச்சியில், மற்றக் கற்களைவிடப் பெரியதாக, மேல்முகம் மழமழவென்று செதுக்கிய கற்கள் பதிக்கப்பட்டுள்ளனவா? இரும்பு உத்திரத்தைத் தாங்குவதற்காக வைக்கும் கற்கள் அவை. அவற்றில் ஆணிக்கான துளைகள் இருந்தால், ஒரு சோடித் துளைக்கும் அடுத்த சோடிக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள். உத்திரங்கள் தண்டவாளங்களின் அடியிலேயே அமைவதால், அந்த இடைவெளி பாதையின் அகலத்தை ஒட்டியோ அதைவிடச் சற்று மிகுந்தோ இருக்கும். சாலைப் பாலமாக இருந்திருந்தால் சுவர் இன்னும் அகலமாகவும், ஓரத்தில் கைப்பிடிச் சுவருடனும் இருந்திருக்கும்.

பதில் 2: வேலூர், நில அளவர்

மேலே ஐயா எழுதியவை அனைத்தும் சரியே. ஆயினும், களத்திற்குச் செல்வதற்கு முன்பு நீங்கள் நில ஆவணங்களைப் பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டடம் இடிந்துபோகும், கல்லைப் பெயர்த்து எடுத்துச் செல்வார்கள், கரையை உழுதுவிடுவார்கள்; புலப்படத்தில், அதாவது நில அளவை வரைபடத்தில், உள்ள கோடு அத்தனை எளிதில் அழியாது.

ரயில்வேக்காக நிலம் எடுக்கும்போது, ஊர் ஊராக ஒரு நீண்ட பட்டையாக எடுத்து, அதற்குத் தனிப் புல எண் (சர்வே எண்) கொடுப்பார்கள். சுற்றிலும் உள்ள வயல்களின் புலங்கள் ஏறக்குறையச் சதுரமாகவோ வரப்பை ஒட்டிய கோணல் வடிவமாகவோ இருக்க, இந்தப் புலம் மட்டும் கிராம வரைபடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாடா போல ஓடும். பாதை கைவிடப்பட்ட பின்பு, அது அரசுப் புறம்போக்காகவோ வண்டிப்பாதையாகவோ வகைமாற்றம் பெற்றிருக்கலாம். சில இடங்களில் உட்பிரிவு செய்யப்பட்டுப் பட்டாவாகவும் ஆகியிருக்கலாம். ஆனால் நாடா வடிவம் தெரியும். எனவே அடுத்தடுத்த கிராமங்களின் வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லையில் அந்தப் பட்டை ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று கிராமங்களில் தொடர்ந்து பொருந்தினால், நான்காவதில் எங்கே தேட வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கிராம நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே எளிதாகப் பார்க்கலாம். அ-பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கு என்று ஒரு பத்தி இருக்கும். 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். எனப்படும் நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்திற்கு முந்தைய ஆவணங்களுக்கு அதுதான் வாசல். பழைய எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய நிலவரிப் பதிவேட்டின் நகலை வட்டாட்சியர் அலுவலகத்திலோ மாவட்ட ஆவணக் காப்பறையிலோ விண்ணப்பித்துப் பெறலாம்.

வடஆற்காடு நூல்களில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் காரணம் எளியது. அந்தப் பாதை போடப்பட்டபோது திருப்பத்தூர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகி எல்லைகள் மாறியபோதுதான் திருப்பத்தூர் வட்டம் வடஆற்காட்டோடு சேர்ந்தது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது சேலம் மாவட்ட விவரச்சுவடியில் (கெஜட்டியர்). பஞ்ச காலத்தில் உள்நாட்டுப் பகுதிகளுக்குத் தானியம் கொண்டுசேர்க்க உதவும் என்ற எண்ணத்தில் அந்த மாவட்டத்தில் போடப்பட்ட சிறு பாதைகளில் உங்களுடையதும் ஒன்று. மொரப்பூர் – தருமபுரி பாதை 1906-இல் திறக்கப்பட்டு, 1913-இல் ஓசூர் வரை நீண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஒன்றில் விடுபட்டது மற்றொன்றில் விளங்கும்.

இந்திய நில அளவைத் துறையின் பழைய ஓர் அங்குல வரைபடங்களையும் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டுபவை) பாருங்கள். திருப்பத்தூர் 57 எல் (L) தொகுதியில் வரும். வேலூரும் இராணிப்பேட்டையும் 57 பி (P) தொகுதியில் வரும். இந்தத் தாள்களில் கரைகளும் வெட்டுகளும் சிறு கோடுகளாகக் குறிக்கப்பட்டிருக்கும்.

பதில் 3: இராணிப்பேட்டை

இருவருடைய பதில்களையும் சேமித்து வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து அனுபவத்திலிருந்து நிலையங்களைப் பற்றிச் சில சொற்கள் சேர்க்கிறேன்.

பழைய ரயில் நிலையத்தைத் தேடும்போது, பெயரை நம்பி ஏமாந்துபோவது மிக எளிது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு ஓடியது என்று படித்துவிட்டு, ஆற்காடு நகரில் அந்த நிலையத்தைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். பாலாற்றுக்குத் தெற்கே உள்ள ஆற்காட்டு ஊருக்குள் அந்த ரயில் வரவே இல்லை. அன்று ஆற்காடு என்று வழங்கிய நிலையம்தான் இன்று வாலாஜா ரோடு. அந்த 'ரோடு' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஊர் ஓரிடத்திலும் நிலையம் வேறிடத்திலும் இருந்தால், ஊருக்குப் போகும் சாலை இங்கே பிரிகிறது என்ற பொருளில் அப்படிப் பெயரிட்டார்கள். விழுப்புரம் – காட்பாடிப் பாதையில் உள்ள ஆரணி ரோடு நிலையமும் ஆரணியில் இல்லை, களம்பூரில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் நிலையக் கட்டடத்தோடு நின்றுவிடாதீர்கள். மாட்டு வண்டிகள் காத்து நின்ற திடல், பெரிய கிணறு, மரவரிசை, சரக்கு இறக்கிய கல்மேடை ஆகியவையும் நிலையத்தின் உறுப்புகளே.

உங்கள் சின்ன ரயில் திருப்பத்தூரில் அகலப் பாதையைச் சந்தித்தது. ஆகவே அங்கே ஒரு ரயிலிலிருந்து மற்றொன்றுக்குச் சரக்கை மாற்றும் மேடை இருந்திருக்க வேண்டும். கேஜ், அதாவது பாதையின் அகலம், மாறும் எந்த ஊரிலும் அதைத் தவிர்க்க முடியாது. நீராவி எஞ்சின் ஓடிய காலம் என்பதால், தண்ணீர்த் தொட்டியைத் தாங்கிய கல் அல்லது செங்கல் தூண்கள், எஞ்சினிலிருந்து சாம்பலைத் தட்டிய நீண்ட குழி, எஞ்சினைத் திருப்பிய வட்ட மேடையின் பள்ளம் ஆகியவற்றையும் இரு முனைகளிலும் தேடுங்கள். வட்ட மேடையின் பள்ளத்தைப் பாழடைந்த கிணறு என்றே ஊரார் சொல்வார்கள். ஆழம் குறைவாகவும் அகலம் மிகுதியாகவும், விளிம்பு செம்மையாகக் கட்டியதாகவும் இருந்தால், இறங்கி அளந்து பாருங்கள்.

எங்கள் ஊருக்கு வாலாஜா ரோட்டிலிருந்து வந்த கிளைப் பாதையில், சீமைக்கருவேலம் மண்டிப்போன இடங்களை நான் கைபேசியில் படமெடுத்து வைத்திருக்கிறேன். திண்டிவனம் – நகரி புதிய பாதை இந்த வழியாகத் திட்டமிடப்பட்டிருப்பதால், பழைய தடயங்களைப் பதிவுசெய்ய இனிமேல் அதிக காலம் இல்லை என்ற கவலை எனக்கு உண்டு. படமெடுக்கும்போது, அளவு தெரிவதற்கு ஓர் அளவுகோலையோ குடையையோ பக்கத்தில் வைத்து எடுங்கள்.

மாணவர்களை அழைத்துச் செல்வதால் ஒன்றை வலியுறுத்துகிறேன். கைவிடப்பட்ட கரையில் நடப்பது வேறு, திருப்பத்தூர் நிலையத்தின் ஓடும் பாதைக்குள் இறங்குவது வேறு. அனுமதியின்றி உள்ளே செல்வது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147-ஆம் பிரிவின்படி குற்றம். நிலைய மேலாளரிடம் பள்ளியின் கடிதத்தைக் கொடுத்து அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.

திருப்பத்தூர் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வைத்தே மணியை அளந்தோம். உயரம் 143 மில்லிமீட்டர்; அடியகலம் 136-க்குச் சற்று மேல். தாளில் தேய்த்தபோது '90' என்ற எண் தெளிவாக ஏறியது. மற்ற எழுத்துகள் துருவில் போய்விட்டன. ஆகவே எங்கள் மணி பெரிய பாதையிலிருந்து வந்தது, சின்ன ரயிலுக்கு உரியதன்று. பிள்ளைகளுக்குச் சற்று வருத்தந்தான். ஆனால் ஒரு மாணவி, அப்படியென்றால் அதை எந்த நிலையத்தில் ஏலம் விட்டார்கள் என்று கேட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

நில அளவர் ஐயா சொன்னபடி, மண்மேடு உள்ள கிராமத்தின் புலப்படங்களை மதியம் இறக்கிப் பார்த்தேன். வேர்க்கடலைக் கொல்லையின் ஓரத்தில் நாடா போன்ற ஒரு புலம் இருக்கிறது. வகைப்பாடு வண்டிப்பாதை என்று உள்ளது. மேற்கே அடுத்த கிராமத்தின் வரைபடத்தில் அது எல்லையில் சரியாகப் பொருந்துகிறது. கிழக்கே பொருந்தவில்லை, அங்கே வீட்டுமனைகள் வந்துவிட்டன.

பதில் 1: காட்பாடி, ஓய்வுபெற்ற பாதைப் பராமரிப்பு ஊழியர்

மிக்க மகிழ்ச்சி, அம்மா. இனி அந்த ஓடைச் சுவரின் உச்சிக் கற்களைப் பார்த்துவிடுங்கள். துளைகளின் இடைவெளி இரண்டரை அடியை, அதாவது 762 மில்லிமீட்டரை ஒட்டியோ அதைவிடச் சற்று மிகுந்தோ வந்தால், எனக்கு உடனே எழுதுங்கள். சனிக்கிழமைகளில் நான் ஓய்வாகத்தான் இருக்கிறேன். காட்பாடியில் ரயில் ஏறித் திருப்பத்தூர் வந்து, நானும் உங்கள் பிள்ளைகளோடு அந்தக் கரையில் நடக்கிறேன்.