செந்தோசா மோனோரயிலில் கடைசியாக எப்போது ஏறினீர்கள்? – அனுபவப் பகிர்வு

தெலுக் பிளாங்காவிலிருந்து:

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளோடு நம் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவுக்குப் போயிருந்தேன். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் வளாகத்தில் இப்போது மினியன் லேண்ட் இருக்கும் இடத்துக்கு வந்ததும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். "இங்கதாம்மா அந்தப் படகு இருந்துச்சு" என்றாள். மடகாஸ்கர் படகுச் சவாரியைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. 2022 மார்ச் 27 அன்று, அது இயங்கிய கடைசி நாளில், தோழிகளோடு வரிசையில் நின்று ஏறிவிட்டு வீட்டுக்கு வந்தவள், இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாள். வளர்ந்த பெண் ஒரு பொம்மைப் படகுக்காக இப்படி வாடுவாளா என்றுதான் அன்று நினைத்தேன். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன், அதே மார்ச் மாதத்தில், நானும் அப்படித்தான் சாப்பிடாமல் இருந்தேன் என்பது போன வாரம் திரும்பி வரும் வழியில்தான் நினைவுக்கு வந்தது.

2005 மார்ச் 15 அன்று செந்தோசாவின் பழைய மோனோரயில் நிறுத்தப்பட்டது. அதில் ஏறியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். உங்கள் நினைவுகளை எழுதுங்கள். தொடங்கியவள் என்ற முறையில் என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைச் சன்னல் வழியாகத் தீவின் மரங்கள் தெரியும். 1982 பிப்ரவரியில் மோனோரயில் ஓடத் தொடங்கியதிலிருந்தே தம்பியும் நானும் நச்சரித்துக்கொண்டிருந்தோம். 1984 ஜூன் பள்ளி விடுமுறையில் பட்டுக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து அப்பாயி வந்தபோதுதான் அது நடந்தது. அந்தக் காலத்தில் தீவுக்குப் பாலம் கிடையாது. அது 1992 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. கேபிள் கார் இருந்தது. ஆனால், "அந்தரத்துல தொங்குற பொட்டிக்குள்ள என்னைய ஏத்தாதப்பா" என்று அப்பாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், உலக வர்த்தக நிலையத்துப் படகுத்துறையிலிருந்து படகில் போனோம்.

மோனோரயிலைப் பார்த்ததும் அப்பாயி அதற்கும் மறுத்துவிடுவாரோ என்று அம்மா பயந்தார். அது சிறு சிறு பெட்டிகளாக, எதிரெதிரே இருக்கைகளோடு, சன்னல்கள் திறந்தபடி, மிக மெதுவாக நிலையத்துக்குள் வந்தது. அப்பாயி முதலில் பெட்டியின் விளிம்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, வில்வண்டியில் ஏறுவதைப் போலப் பக்கவாட்டில் உடம்பைத் திருப்பி ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பியதும் காற்று நேரே முகத்தில் அடித்தது. மரக்கிளைகள் கைக்கெட்டும் தொலைவில் நகர்ந்தன. மரங்கள் விலகிக் கடல் தெரிந்த இடத்தில், "ஏப்பா, இந்தக் கடல்தான நம்மூர்க் கரைக்கும் வருது?" என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா ஆமாம் என்றார். அதன்பிறகு ஒவ்வொரு முறை கடல் தெரியும்போதும் அப்பாயி பேச்சை நிறுத்திவிடுவார்.

ஒரு சுற்று முடிந்து நாங்கள் இறங்க எழுந்தோம். அப்பாயி எழுந்திருக்கவில்லை. மறுபடியும் ஏறினால் தனியாகக் காசா என்று கேட்டார். தீவுக்குள் வரக் கொடுத்த நுழைவுக் கட்டணத்திலேயே இது அடக்கம், எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்றலாம் என்று அப்பா சொன்னதும், "அப்பறம் எதுக்கு எறங்குறீக?" என்றார். மூன்று சுற்றுச் சுற்றினோம். அன்று மெழுகுச் சிலைகளையும் நாங்கள் பார்க்கவில்லை, கோட்டையையும் பார்க்கவில்லை. மூன்றாவது சுற்றில் தம்பி அம்மாவின் மடியில் தூங்கிவிட்டான்.

நான் இழந்ததாக உணர்வது இதைத்தான். ஒரு துறைமுகத் தொழிலாளி தன் தாயை, மனைவியை, இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், சட்டைப்பையை மறுபடியும் தொட்டுப் பார்க்காமல், அவர்கள் போதும் என்று சொல்லும்வரை உட்கார வைக்க முடிந்த சவாரி அது. வேகமான சவாரிகள் வரும், போகும். அப்பாயியும் தம்பியும் நானும் ஒன்றாக உட்கார்ந்து, மூவருமே மகிழ்ந்த சவாரி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

ஒரு சிறு கேள்வியும் இருக்கிறது. கடல் எனக்கு எப்போதும் இடக்கைப் பக்கம் தெரிந்ததாகவே நினைவு. மற்றவர்களுக்கும் அப்படித்தானா?

*

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து:

உங்கள் அப்பாயியை நேரில் பார்த்தது போலிருந்தது, அக்கா. நான் பொறியியல் துறையில் இருப்பவன் என்பதால் அந்த வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல ஆசைப்படுகிறேன்.

அது சுவிட்சர்லாந்தின் ஃபொன் ரோல் நிறுவனத்தின் அமைப்பு. வழக்கமான ரயிலைப் போல இரண்டு தண்டவாளங்களின்மேல் ஓடாமல், தூண்களின்மேல் கிடத்திய ஒரே உத்திரத்தை, குதிரைமேல் இருபுறமும் கால் போட்டு உட்காருவதைப் போலக் கவ்விக்கொண்டு ஓடியது. சாதாரணத் தண்டவாளத்தில் வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது எளிது. உத்திரத்தில் அப்படி மாற்ற வேண்டுமானால் உத்திரத்தையே நகர்த்த வேண்டும். வளையமாக ஒரே திசையில் ஓடவிட்டால் அந்தச் சிக்கலே வராது. செந்தோசாவில் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீள வளையத்தில் அது ஒரே திசையில்தான் சுற்றியது. ஆகவே, இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டால் திரும்பி வருவதற்கு வழியே இல்லை. தீவை முழுக்கச் சுற்றித்தான் வர வேண்டும். எங்கள் பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர் எல்லாரும் இறங்குங்கள் என்று சொன்னபோது நாங்கள் நான்கு பேர் வேண்டுமென்றே இறங்காமல் இருந்துவிட்டோம். ஒரு சுற்று முடித்து நாங்கள் திரும்பி வரும்வரை அவர் நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் முகத்தில் இருந்தது கோபமன்று, பயம் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. தெரிந்தால் போய் மன்னிப்புக் கேட்பேன்.

ஆனால் மூடியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. பழைய வண்டி தீவுக்குள் மட்டுமே சுற்றியது. கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வரவில்லை. 2007 ஜனவரியில் ஓடத் தொடங்கிய செந்தோசா எக்ஸ்பிரஸும் மோனோரயில்தான், ஹிட்டாச்சி செய்தது. விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் ஏறினால் சில நிமிடங்களில் தீவில் இருக்கலாம். என் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். வண்டியின் தரையும் நடைமேடையும் ஒரே மட்டத்தில் இருப்பதால், யாரையும் உதவிக்கு அழைக்காமல் நான் ஒருவனே அவரை உள்ளே தள்ளிச் செல்கிறேன், கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறேன். எங்கள் வீட்டுக்குப் புதியதுதான் வசதி. வளையத்தில் ஒரு சிறு பகுதியையாவது, இரண்டு பெட்டிகளையாவது ஓடும் நிலையில் வைத்திருக்கலாமே என்ற வருத்தம் மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

கடல் எந்தப் பக்கம் என்பது நினைவில்லை.

*

உட்லண்ட்ஸிலிருந்து:

நான் இங்கே பிறந்தவன் இல்லை. 1997இல் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா. அதைத் தவிர வேறு எங்கும் போனதில்லை. வந்து ஓராண்டு ஆன பிறகு, எங்கள் அறையில் இருந்த மூத்தவர் ஒருவர், "சிங்கப்பூர் வந்துட்டு செந்தோசா பாக்கலேன்னா ஊருல எவன்டா நம்புவான்" என்று சொல்லி, ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனார். நுழைவுக் கட்டணம் எங்களுக்குப் பெரிய தொகை. உள்ளே தனியாகக் கட்டணம் கேட்ட எதற்கும் நாங்கள் போகவில்லை. மெர்லயன் சிலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம். அது 37 மீட்டர் உயரம் என்று மூத்தவர் சொன்னார். மற்ற நேரமெல்லாம் மோனோரயிலில்தான் இருந்தோம்.

வேலையிடத்தில் நாள் முழுவதும் உயரத்தில்தான் நிற்போம், ஆனால் அங்கே கண் காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தபோதுதான், இந்த ஊருக்கு வந்த பிறகு முதல் முறையாக, உயரத்திலிருந்து கவலை இல்லாமல் வெளியே பார்த்தேன். மூத்தவரிடம் ஒரு கேமரா இருந்தது. 36 படங்கள் எடுக்கக்கூடிய சுருளில் ஆளுக்கு ஆறு படம் என்று எண்ணி எண்ணி எடுத்தோம். என்னுடைய ஆறில் ஒன்று, சன்னல் கம்பியில் கை வைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம். அதைக் கழுவி வாங்கிக் கடிதத்தோடு ஊருக்கு அனுப்பினேன். அப்போது எனக்குத் திருமணம் பேசிக்கொண்டிருந்தார்கள். பெண் வீட்டுக்குப் போனதும் அந்தப் படம்தான்.

2006இல் மனைவி முதல் முறையாக இங்கே வந்தபோது, விமான நிலையத்திலிருந்து வரும் வழியிலேயே, "அந்த ரயிலுக்கு எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்டார். அது நின்றுபோனது எனக்கும் தெரியாது. தீவுக்குப் பேருந்தில் போய், நிலையம் எங்கே என்று பாதுகாவலரிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் கை காட்டிய பக்கம் போனோம். உத்திரத்தைத் தாங்கிய தூண்கள் சில மரங்களுக்கு நடுவே நின்றன. மனைவி ஒரு தூணில் கை வைத்துக்கொண்டு நின்றார், நான் படம் எடுத்தேன். இரண்டு படங்களும் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரே சட்டத்தில் இருக்கின்றன.

அக்காவின் கேள்விக்காக எழுந்து போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கடல் என் வலக்கைப் பக்கம் இருக்கிறது.

*

பிடோக்கிலிருந்து:

கடைசி நாளில் நான் போயிருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை, மார்ச் பள்ளி விடுமுறை, ஆகவே பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். அவர்களில் பலருக்கு அதுதான் முதல் பயணமாகவும் இருந்திருக்கும். எங்கள் பெட்டியில் வயதான ஒரு சீனத் தம்பதியர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். பேச எங்களுக்குள் பொதுவான மொழி அவ்வளவாக இல்லை. இறங்கும்போது அந்த அம்மா திரும்பிப் பெட்டியின் கதவைத் தன் கையாலேயே மெதுவாகச் சாத்தினார், பிள்ளை தூங்கும் அறைக் கதவைச் சாத்துவதைப் போல. இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. எனக்கு அந்தக் கை மட்டும் மறக்கவில்லை.

*

தெலுக் பிளாங்காவின் மகள்:

அம்மா எழுதியதைப் படித்துவிட்டு நானும் சேர்ந்துகொள்கிறேன். மடகாஸ்கர் படகை நான் விரும்பியதற்கும் அப்பாயிப் பாட்டியின் காரணத்துக்கும் அதிக வேறுபாடு இல்லை. அந்த வளாகத்தில் பெரும்பாலான சவாரிகளில் யாராவது ஒருவர் வெளியே பையோடு நிற்க வேண்டியிருக்கும். எங்கள் வீட்டில் அது எப்போதும் தாத்தாதான். படகில் மட்டும் அவரும் வருவார். கூரைக்குள் மெதுவாக மிதந்துபோகும் படகு, இருபுறமும் சிங்கமும் வரிக்குதிரையும் பெங்குவின்களும், கடைசியில் லெமூர்களின் ஆட்டம். தாத்தாவுக்கு மடகாஸ்கர் திரைப்படம் தெரியாது. லெமூர்களைக் கண்டதும் கை தட்டுவார். அவர் 2019இல் காலமானார். 2022 மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அது கடைசியாக ஓடியபோது, லெமூர்கள் இருக்கும் இடம் வந்ததும் நான் கை தட்டினேன். அருகில் இருந்த தோழிகளும் காரணம் கேட்காமல் தட்டினார்கள். அன்று இரவு சாப்பிடாததற்கு அதுதான் காரணம், அம்மா. அப்போது சொல்லத் தெரியவில்லை.

*

தெலுக் பிளாங்காவிலிருந்து மீண்டும்:

என் மகள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அப்பா கை தட்டுவார் என்பது எனக்கு இதுவரை தெரியாது. நீங்கள் படகில் ஏறும்போதெல்லாம் நான் வெளியே நின்று குடை பிடித்துக்கொண்டிருப்பேன்.

உட்லண்ட்ஸ் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் படத்தில் கடல் வலக்கைப் பக்கம் இருப்பதாக எழுதியிருந்தீர்கள், எனக்கோ இடக்கை. வண்டி ஒரே திசையில்தான் ஓடியது என்று ஜூரோங் தம்பி சொல்கிறார். அப்படியானால் நம் இருவரில் ஒருவர் தவறாகச் சொல்கிறோம் என்று நேற்றிரவு முழுவதும் யோசித்தேன். காலையில் சன்னலருகே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது விளங்கியது. இருக்கைகள் எதிரெதிரே அல்லவா இருந்தன. நான் அப்பாயிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். கடலைக் காட்டி அப்பாவிடம் கேட்டபோது அவர் நீட்டியது வலக்கை. வளையல் சன்னல் கம்பியில் பட்டு ஓசையிட்டது நினைவிருக்கிறது. நீங்கள் உட்கார்ந்தது அப்பாயியின் பக்கத்து இருக்கை, தம்பி.