டாவிட் வரைந்த நெப்போலியன்: பாதி அளவில் நகல்

முத்தியால்பேட்டை: பாரிஸ் துய்லரி அரண்மனை வேலையறையில் நெப்போலியன் நிற்கிற, பிரெஞ்சு ஓவியர் டாவிட்டின் 1812 படத்தை எண்ணெய் வண்ணத்தில் போடுகிறேன். மூலம் 204 × 125 செ.மீ., நான் பாதி. வெயிஸ்ட்கோட்டு வெள்ளை மஞ்சளாகிறதே, ஏன் அண்ணே?

கடலூர் ஓ.டி.: ஆளிவிதை எண்ணெய்தான் காரணம் தம்பி. இருட்டில் காய்ந்தால் இன்னும் மஞ்சளடிக்கும். டைட்டானியம் வெள்ளையைக் குசும்பா (சாஃப்ளவர்) எண்ணெயில் குழைங்க. மெதுவாகத்தான் காயும். அடி அடுக்கு காயாமல் மேலே பூசினால் வெடிப்பு விடும்.

லாஸ்பேட்டை: கடிகாரம் 4.13, அதை மாற்றிடாதீங்க. மெழுகுவத்தி தீரப்போகுது, சட்டைக்கை பட்டன் போடல, காலுறை சுருங்கியிருக்கு. விடிய விடிய சட்டம் எழுதினார்னு சொல்றதே அந்தச் சுருக்கம்தான். இஸ்திரி போட்ட மாதிரி வழவழன்னு வரைந்தால் படம் செத்துடும். மேசையில் சுருண்டு கிடக்கிற தாள் சிவில் சட்டம். நம்ம புதுச்சேரியில் சொந்த வழக்கச் சட்டத்தை விட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்கள் அறிந்த அதே சட்டம். அந்த எழுத்தை மங்கவிடாதீங்க.

முத்தியால்பேட்டை: காலுறையைச் சுரண்டிட்டு மறுபடி போடுறேன்.